வலித்தால் சாப்பிடவும்

நான் திட்டினால்தான் காய்ச்சல் விடும் என்று பேரையூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டரம்மா வாயால் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் பாதி நோய் போய்விடுமாம். இதை என்னிடமே வந்து சொல்வார்கள். “போன வாட்டி நீங்க என்னைய ஒண்ணுமே சொல்லல டாக்டரம்மா, அதான் சளி விடவே இல்ல” என்று ஒரு கிழவர் குறைபட்டுக்கொண்டார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன். சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு வீடு மதுரை கே.கே. நகரில். எங்கள் தெருவில் மட்டும் நாலு டாக்டர்கள். ஐந்தாவதாக நீயும் இங்கேயே உட்கார்ந்தால் யார் வேண்டாம் என்றார்கள் என்று என் கணவர் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டி, பேரையூருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போவேன். உரக்கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் என் ஆஸ்பத்திரி. யூரியா வாடையும் டெட்டால் வாடையும் சேர்ந்து அடிக்கும். முதல் நாளிலிருந்து என்னோடு இருக்கிற நர்ஸ் ஒருத்தி உண்டு. ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்பட்டி கிராமங்களில் இலவச முகாம் போடுவேன். பள்ளிக்கூடத்துப் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் மூன்று மணியாகும். இதற்காக எனக்குப் பொன்னாடை போட்டிருக்கிறார்கள். எத்தனை என்று கேட்காதீர்கள், ஒரு பீரோவில் பாதி அதுதான். அந்த முகாம்களில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுவேன். படித்தவன் கிறுக்குவது படிக்காதவளுக்குப் புரிய வேண்டாமா? மாத்திரையின் பெயரை மட்டும் கடைக்காரருக்காக ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கீழே கொட்டைக் கொட்டையாக ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்’ என்று எழுதுவேன். டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு தடவை இதை எழுந்து நின்று சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன்.

போன வருடம் பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வந்தாள். பருத்திக் காட்டில் கூலிக்குப் போகிற பெண். ஐம்பது வயது இருக்கும். கூட அவள் புருஷனும் வந்திருந்தார், ஆடு மேய்க்கிறவர், வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவளுடைய முகம் உப்பியிருந்தது. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பத்து நாளாகச் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றாள்.

“பத்து நாளா என்ன செஞ்ச? பருத்தி எடுத்தியா?”

“வெடிச்சுக் கெடக்கே டாக்டரம்மா. விட்டா காத்துல போயிரும்ல.”

“நீ போயிருவ போலிருக்கு, பருத்தியப் பத்திப் பேசுறா பாரு” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிடைத்துவிட்டது திட்டு, இனி சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

ரத்தம் எடுத்துக் கொடுத்தனுப்பினோம். மதியம் முடிவு வந்தது. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு ஒன்றுக்குள் இருக்க வேண்டும், எட்டைத் தாண்டியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை கிடையாது. ரத்தக்கொதிப்பும் அவ்வளவாக இல்லை. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது.

“ஏம்மா, வலி மாத்திரை எதுவும் திங்கிறியா?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“அது ஆச்சு… ஒம்போது வருசம் இருக்கும்.”

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “ஒம்போது வருசமாவா? தெனமுமா? எந்த மடையன் எழுதிக் குடுத்தான் ஒனக்கு? அவன இங்க கூட்டிட்டு வா, நான் கேக்குறேன்!”

அவள் பயப்படவில்லை. குழப்பமாகத்தான் பார்த்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து என் மேஜையில் வைத்தாள். லேமினேட் செய்த ஒரு சீட்டு. ரேஷன் கார்டுக்கும் ஆதார் கார்டுக்கும் போடுவது போல பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் குங்குமம் வைத்திருந்தது. உள்ளே மடிப்பு விழுந்த பழுப்புத் தாள். மேலே என் முகாம் முத்திரை. நடுவில் வலி மாத்திரையின் பெயர். அதன் கீழே என் கொட்டை எழுத்தில் ‘வலித்தால் சாப்பிடவும்.’

எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

வாயால் சொல்லியிருப்பேன். அஞ்சு நாளைக்கு மேல் வேண்டாம் என்று கட்டாயம் சொல்லியிருப்பேன், எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் வரிசையில் முந்நூறு பேர் நிற்கும்போது சொன்னேனா என்பது சாமிக்குத்தான் தெரியும். அவள் சொன்னதைச் செய்தாள். குனிந்து பருத்தி எடுக்கிற இடுப்பு, தினமும் வலித்தது. வலித்தால் சாப்பிடச் சொன்னேன், தினமும் சாப்பிட்டாள். காட்டில் ஒதுங்க மறைவு இல்லை என்று பெண்கள் பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வறண்ட உடம்புக்குள் ஒன்பது வருடமாக ஒரு மாத்திரை போய்க்கொண்டிருந்தது.

“நெசம்மா கை கண்ட மருந்து டாக்டரம்மா. கிழிஞ்சிறக் கூடாதுன்னுதான் கவர் போட்டு வச்சேன்” என்றாள்.

சிஸ்டர் என் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா? ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘என்னால் வந்தது’ என்று இரண்டு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “கிட்னி ரெண்டும் பழுதாகியிருக்கு, மதுரைக்குப் போகணும், ரத்தத்தச் சுத்தம் பண்ணுவாங்க, பயப்படாத” என்றேன். அவள் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். “இது இனிமே வேணாம், இங்கயே இருக்கட்டும்” என்று மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். கை நீட்டியது நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். யாரையாவது திட்டியாக வேண்டும் எனக்கு. அவர் நிதானமாகக் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் அதே சீட்டு.

“ஒங்க ராசியான சீட்டுன்னு காட்டு வேலைக்குப் போறவுக பூராம் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காக டாக்டரம்மா. ‘டாக்டரம்மா மாத்திரை’ன்னுதான் கேப்பாக. நான் என்ன, இல்லைங்கவா? கையெழுத்து ஒங்களுதுல்ல?”

இனிமேல் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். சரி என்றார். நான் கொடுக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கடையில் வாங்குவார்கள், போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து அவளும் புருஷனும் போவார்கள், பொழுதடைகிற நேரம் திரும்புவார்கள். ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் முக வீக்கம் வடிந்தது. குமட்டல் நின்று சோறு இறங்கியது. திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள் ஒரு நாள். “என்ன டாக்டரம்மா, திட்டுறதையே விட்டுட்டீக? ஒடம்பு சொகமில்லையா?” என்று என்னைக் கேட்டாள். அந்த அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. விடாமல் போனால் இன்னும் சில வருடங்கள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சில வருடங்களைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் பிழைத்துக் கிடந்தால் நான் சொல்லாததும் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு போட்டேன். என்ன புத்தியோ.

அந்தச் சமயத்தில்தான் அங்கிருந்த டியூட்டி டாக்டர் எனக்குப் போன் செய்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை.

“மேடம், உங்க பேஷண்ட்தான். வலி மாத்திரையாலதான் இப்படி ஆயிருக்கு. யார் எழுதினதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. சீட்டு தொலைஞ்சு போச்சுங்கிறாங்க. அந்தப் பக்கம் எந்த டாக்டரோ இப்படி எழுதிட்டிருந்தா நிறுத்தணும் மேடம், இன்னும் எத்தனை பேரோ.”

சீட்டு என் முழங்கைக்குக் கீழே, மேஜை இழுப்பறையில் இருந்தது.

“நான் விசாரிக்கிறேன்ப்பா” என்றேன்.

விசாரிக்கிறேனாம். போனை வைத்துவிட்டு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது, அறைந்துகொள்ளவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பதில் வேறு வேலை செய்தேன். ஞாயிறுதோறும் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கப் பார்த்தேன். அந்த மாத்திரை கெடுதல், மருந்து மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். எழுதியதே தப்பு என்று சொல்லவில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சிலர் ஜெராக்ஸைக் கொடுத்தார்கள். பலர் வீட்டில் இல்லை, காணோம் என்றார்கள். டாக்டரம்மாவுக்கு நம்ம மேல என்ன கோவமோ, குடுத்ததத் திருப்பிக் கேக்குறாக என்று பேசிக்கொண்டார்களாம். ஒருத்தி நேராகவே கேட்டாள்.

“சரி, இது வேணாம். இடுப்பு வலிக்கு வேற என்ன குடுப்பீக?”

“ரெண்டு வாரம் குனியாம, வேலைக்குப் போகாம ரெஸ்ட் எடுக்கணும்.”

அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை, நான் ஏதோ தமாஷ் பண்ணினேன் என்று நினைத்துத்தான் சிரித்தார்கள். முப்பது வருடம் வைத்தியம் பார்த்த எனக்கு அந்த ஒரு கேள்விக்கு வேறு பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர்களுக்குத் தேவை மாத்திரை இல்லை, வேலைக்குப் போகாமல் கஞ்சி குடிக்க ஒரு வழி. அதை எந்தச் சீட்டில் எழுதுவது?

ஆடி மாதம் டியூட்டி டாக்டர் மறுபடி கூப்பிட்டார். அவள் தொடர்ந்து நாலு தடவை வரவில்லை என்றார். பதறிப்போய்க் கிளம்பினேன். சிஸ்டர் காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழலில் கட்டிலில் கிடந்தாள். முகம் பழையபடி உப்பி, கண் இடுங்கியிருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, நேரமில்லை. புருஷனை உள்ளே போய்ச் சேலையும் ஆஸ்பத்திரி நோட்டும் எடுத்து வரச் சொன்னேன்.

“ஏன்டி போகல? ஏன் போகல? சாகப் பாக்குறியா?” ரொம்ப நாளைக்குப் பிறகு கத்தினேன். ‘டி’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் உள்வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, மெதுவாப் பேசுங்க. போற வாட்டியெல்லாம் அந்தச் சின்ன டாக்டரு கேக்குறாரு. யாரு எழுதுனா, யாரு எழுதுனான்னு. அந்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சாம். மொத வாரமே சொல்லிட்டாக. நான் தெரியலைன்னுட்டேன். அடுத்த வாட்டி கலெக்டராபீஸுக்கு எழுதணும், மருந்துக் கடையில கேட்டுட்டு வான்னாரு. எனக்குப் பொய் சொல்ல வராது டாக்டரம்மா. ஒரு வாட்டி இல்லைன்னா ஒரு வாட்டி வாயில வந்துரும். ஒங்கள எதும் செஞ்சுப்புட்டாகன்னா? இம்புட்டு ஊருக்கும் வேற யாரு இருக்கா? அதான் போகல.”

மொத வாரமே. நான் சீட்டைப் பிடுங்கி வைத்தபோது நீட்டிய கையை மடக்கிக்கொண்டவள், அடுத்த வாரமே எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைப் பார்க்க வந்து, ஏன் திட்டவில்லை என்று கேட்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்து அந்தச் சின்ன டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கேள்விக்குப் பயந்திருக்க வேண்டியதில்லை. மாத்திரை தெரியாமல் கொடுத்தது. இது அப்படி இல்லை. இது தெரிந்தே செய்தது.

“நான் சொல்லிடுறேன்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “நானே வந்து, நான்தான் எழுதுனேன்னு சொல்லிடுறேன். ஒனக்கு இனிமே யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ எந்திரி.”

“ஒங்களுக்கு எதுக்கு அந்த வம்பு” என்றாள்.

பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து, தலையைப் புருஷன் மடியில் வைத்துக் கிளம்பினோம். கல்லுப்பட்டி தாண்டுகிறவரை அவள் பேசினாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டாள். திருமங்கலம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போய்க் கேட் திறந்தபோது பின்னாலிருந்து அவர், “டாக்டரம்மா, இவ கண்ணு ஒரு மாதிரி நிக்குது” என்றார். திரும்பிப் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து அழுத்தினேன். வெயிலில், லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்று தெரியாது. அப்புறம் மறுபடி ஏறி ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே தெரியும், உயிர் இல்லை.

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வராந்தாவில் ஒரு மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எழுத ஆரம்பித்தார். நானும் அவள் புருஷனும் முன்னால் நின்றோம். அவர் இன்னும் அழவில்லை, அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கடைசி வரைக்கும் அந்த மாத்திரைய எழுதினது யாருன்னு தெரியலையா மேடம்?” என்று அந்தப் பிள்ளை கேட்டார். “அதாலதானே இந்த அம்மா கிட்னி போச்சு.”

அவள் புருஷன் நிமிர்ந்தார். எந்த மாத்திரை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டுக்குக் குங்குமம் வைத்துப் பாதுகாத்த வீட்டுக்காரர். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என்ன சொல்வேன் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

காரில் ஏற்றும் முன் அவளுக்குக் கொடுத்த வார்த்தை வாயில்தான் இருந்தது. சுற்றிலும் நர்ஸுகள், நோயாளிகள், என்னைத் தெரிந்த இரண்டு மூன்று டாக்டர்கள்.

“தெரியலப்பா” என்றேன்.

டியூட்டி டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அவரிடம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமாய்யா?”

அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

“தெரியலைங்கய்யா” என்றார்.

இப்போதும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முகாமும் நடக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டோரம் போகும்போது அவர் என் காரைக் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார், முன்னால் கும்பிட்ட மாதிரியேதான். நானும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிடுகிறேன். இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துவிட்டேன். என் பெயரை மட்டும் எங்கேயும் போடவில்லை.